வால்தோர்னா நோட்டு

சனிக்கிழமை, காலை 11.20.

நடைக்குழு அறையின் அலமாரி பூட்டியபடியே இருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மேல்தட்டில் ஸ்பெயின் பயணத்தின் காகிதக்கட்டு வைத்த இடத்தில் இருந்தது. அதன்மேல் இருந்த நீல அட்டை நோட்டு மட்டும் இல்லை.

சாதனா தட்டுகள் மூன்றையும் காலிசெய்து பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து பாகீரதிக்கு போன் போட்டாள்.

பாகீரதிக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அது பொய். அவள் எல்லாப் பெட்டியையும் திறப்பாள். காகிதத்தில் எழுதியதையும் சரக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பாள். அவ்வளவுதான் அவளுடைய வித்தை.

12.05. லேக் மார்க்கெட் பக்கத்துச் சந்தில், நடைக்குழுவின் மாடி அறை. பாகீரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நோட்டுல என்ன இருந்தது?"

"வால்தோர்னா பாதை முழுக்க. எத்தனை காலடி, எங்க எந்தக் கல்லு, எங்க சுவர் இடிஞ்சிருக்கு, எல்லாம். நாப்பத்தோரு பக்கம், மாமி."

"போட்டோ எடுத்து வச்சுக்கலையா?"

"கீழ ஆபீஸ்ல இன்னிக்கு ஸ்கேன் பண்ணிக்கலாம்னு ஞாயித்துக்கிழமை இங்க வச்சுட்டுப் போனேன்."

"முட்டாள்."

"ஆமா."

வால்தோர்னா மேற்கு ஸ்பெயினில் ஒரு சிறிய ஊராட்சி. ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். ரோமானியர் காலத்துப் பாலம், இடிந்த காவல் கோபுரம், ஆலிவ் தோப்புகள், குன்றின்மேல் ஒரு மாதா கோயில். இவற்றை இணைத்துப் பதினான்கு கிலோமீட்டர் நடைபாதை. கல்கத்தாத் தமிழர்களின் இந்த நடைக்குழு அக்டோபரில் அங்கே போய் வந்தது. பாகீரதிக்கு விடுமுறை கிடைக்காததால் அவள் போகவில்லை.

அந்த ஊராட்சி இப்போது பாதையைப் பார்த்துக்கொள்ள ஓராண்டுக்கு ஓர் ஆள் எடுக்கிறது. தங்க வீடும் உண்டு. நடந்தவர்கள் தங்கள் கையால், எந்த மொழியிலானாலும், எழுதிய குறிப்பை அனுப்ப வேண்டும். இன்று அவர்கள் நேரம் பகல் பன்னிரண்டு மணியோடு முடிகிறது. இங்கே மாலை 4.30.

சாதனாவுக்கு வேலை போய் மூன்று மாதம். பிப்ரவரியில் அப்பாவுக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றல். துறைமுகக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். அனுப்பிய விண்ணப்பங்களில் பதில் வந்தது இந்த ஒன்றுக்குத்தான்: குறிப்பை அனுப்புங்கள், பார்க்கிறோம்.

"சாவி?"

"கதவுச் சட்டத்துக்கு மேல. எல்லாருக்கும் தெரியும்."

கீழே காவலாளி தெளிவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மாடிக்குப் போனவர்கள் மூன்றே பேர். சிவராமகிருஷ்ணன், ஸ்மிதா, கிரிதர். மூன்று பேரும் ஸ்பெயின் போனவர்கள். நாளைய நடைக்குத் திட்டம் போட மூவரும் இன்று மதியம் வருவார்கள்.

"நோட்டை யார் யார் படிச்சா?"

"யாருமே இல்ல. நான் கடைசி நாள் விடிகாலைல தனியாப் போய் எழுதினது. எல்லாரும் தூங்கிண்டிருந்தா."

"மாதா கோயில் பக்கத்தைச் சொல்லு. ஞாபகம் இருக்கிறவரைக்கும்."

சாதனா கண்ணை மூடிக்கொண்டாள். "வாசல்லேர்ந்து தொட்டி வரைக்கும் எழுபத்திரண்டு அடி. அப்புறம் அத்திமரம். அப்புறம் இடிஞ்ச சுவர். மறுபடி வாசல்."

"ஒரு சுத்து. எந்தப் பக்கமா சுத்தினே?"

"கோயில்னா எப்படிச் சுத்துவோம்? வலமாத்தான். யோசிக்கவேயில்ல, கால் தானாப் போயிடுத்து."

பாகீரதி காகிதக்கட்டிலிருந்து ஊராட்சியின் துண்டுப் பிரசுரத்தை எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. வழியெங்கும் கற்களின் இரு முகங்களிலும் வண்ணக்குறி. இணையாக இரண்டு கோடு என்றால் சரியான வழி. பெருக்கல் குறி என்றால் தவறான வழி, திரும்புக. குன்றின் சுற்றுப்பாதை குறுகலானது என்பதால் ஒரே திசையில்தான் நடக்கவேண்டும்.

இரண்டு முறை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

1.10. சிவராமகிருஷ்ணன் வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"பையில என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல."

"திறங்கோ."

"நான் என்ன துறைமுகத்துல வந்து இறங்கின சரக்கா?"

"திறங்கோ."

பனைவெல்லச் சந்தேஷ், வங்காள இனிப்பு, ஒரு டஜன். அவருக்குச் சர்க்கரை வியாதி.

"ஆத்துல சகுந்தலாகிட்ட சொல்லிடாதே, பாகீரதி."

"குன்று ஏறினேளா?"

"முழங்காலை வச்சுண்டா? பாலத்தடியிலயே உக்காந்துட்டேன். மாதா கோயிலை நான் அண்ணாந்து பார்த்ததோட சரி."

பாகீரதி ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு அவரைக் கீழே காத்திருக்கச் சொன்னாள்.

1.45. ஸ்மிதா. இருபத்து நாலு வயது. தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்; அக்காவுக்கு 'தி', அண்ணனுக்கு 'தா' சேர்த்துத்தான் கூப்பிடுவாள்.

"ஆரே பாபா, நான் ஏன் நோட்டு எடுக்கணும்? எனக்குத் தமிழ் படிக்கவே வராது மாமி!"

"குன்றுல போட்டோ எடுத்தியா?"

"நூறு எடுத்தேன். மாமாவுக்கு முழங்கால், சாதனாதிக்கு அன்னிக்கு ஜுரம். நான், கிரிதர்தா, அந்த ஊர் கைடு, மூணு பேர்தான்."

பாகீரதி படங்களை நேர வரிசையில் தள்ளிப் பார்த்தாள். 10.02, இடிந்த சுவர். 10.06, அத்திமரம். 10.11, தொட்டி. நடுநடுவே குறிக்கற்கள், வெள்ளையும் மஞ்சளுமாக இரண்டு கோடுகளோடு. பாதிப் படங்களில் வழிகாட்டியின் முதுகு, அதை ஒட்டினாற்போல் கிரிதர்.

"கிரிதர்தா அவரை விடவே இல்ல," என்று ஸ்மிதா சிரித்தாள். "குட்டி வாத்து மாதிரி பின்னாலயே போனார்."

2.30 ஆகியும் கிரிதர் வரவில்லை. 2.55-க்கு வந்தான். முப்பத்து நான்கு வயது. ஒரு கம்பெனியில் அதிகாரி. சாந்த்ராகாச்சியில் அம்மாவோடு இருக்கிறான். சட்டை கசங்காமல் இருந்தது.

"நோட்டு காணாமப் போச்சாமே. பாவம் சாதனா."

"நீயும் அந்த வேலைக்கு எழுதறியாமே?"

யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவன் முகம் மாறியது.

"எழுதறேன். அதுல என்ன தப்பு? பத்து வருஷமா எக்ஸெல் ஷீட் பார்த்துப் பார்த்து எனக்கும் அலுத்துப்போச்சு மாமி. அவளுக்கு மட்டும்தான் ஓடிப்போக ஆசை இருக்கணுமா?"

"காட்டு."

"எதை?"

"எழுதினதை. மறைக்க ஒண்ணுமில்லேன்னா காட்டு."

அவன் பையைத் திறந்தான். கையால் எழுதிய முப்பது தாள்கள். நேர்த்தியான எழுத்து. பாகீரதி குன்றின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். தொட்டி வரை அறுபத்தைந்து அடி. அத்திமரம். இடிந்த சுவர். வழியில் ஐந்து கற்கள், ஐந்திலும் பெருக்கல் குறி, அவற்றில் இரண்டு மங்கிவிட்டன, புதிதாகத் தீட்டவேண்டும்.

"அடி எண்ணினியா?"

"ஆமா. என் கால் நீளம், அதான் கம்மி."

"யாரோட போனே?"

"கைடோட. முழுக்க அவர் பின்னாடியே. ஸ்மிதா போட்டோ இருக்கு, பாருங்கோ."

"பார்த்தேன்."

3.20. பாகீரதி நால்வரையும் மேசையைச் சுற்றி உட்காரவைத்தாள். ஸ்மிதாவின் போனை நடுவில் வைத்தாள். அதன் பக்கத்தில் கிரிதரின் தாளை வைத்தாள்.

"நான் ஸ்பெயின் பார்த்ததில்ல. அதனால ரெண்டை மட்டும் ஒத்துப் பார்த்தேன். போட்டோல சுவர், அத்திமரம், தொட்டி. கிரிதர் எழுதினதுல தொட்டி, அத்திமரம், சுவர். தலைகீழ்."

"வரிசை மறந்துபோயிருக்கும்," என்றான் கிரிதர். "மூணு மாசம் ஆச்சு."

"இருக்கலாம். மரத்தை இடம் மாத்தி எழுதலாம். ஆனா கல்லுல இருந்த ரெண்டு கோட்டைப் பெருக்கல் குறின்னு எப்படி எழுதுவே? அந்தச் சுத்துப்பாதைல ஒரே திசைதான். சரியாப் போறவனுக்குக் கல்லோட முன்முகம் தெரியும், ரெண்டு கோடு. எதிர்த் திசைல வர்றவனுக்குப் பின்முகம், திரும்பிப் போன்னு பெருக்கல் குறி. கைடு சரியான வழியில கூட்டிண்டு போனார். அவர் முதுகை நீ விடலை. உன் கண்ணுல அந்த அஞ்சும் பட்டிருக்கவே முடியாது."

பாகீரதி ஸ்மிதாவின் போனைக் கிரிதர் பக்கம் நகர்த்தினாள்.

"ஊர்க்காரா யாரும் அந்தப் பக்கமாப் போமாட்டா. மாதா கோயிலைப் பெருமாள் கோயில் மாதிரி வலம் வந்தவ ஒருத்திதான். தப்பான வழி போனவ. அவ எழுதினதை நீ காப்பி அடிச்சே. படிக்கும்போது உனக்கு உறுத்தவே இல்ல. ஏன்னா நீயும் கோயிலை அப்படித்தான் சுத்துவே."

கிரிதர் தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நோட்டு எங்க?"

"வீட்டுல." அவன் தாளை மடித்தான். "மேஜை டிராயர்ல. கிழிக்கலை."

சாதனா கடிகாரத்தைப் பார்த்தாள். 3.28. சாந்த்ராகாச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம். சனிக்கிழமைப் பாலத்து நெரிசலில் போய் வர இரண்டு மணி நேரம்.

"அம்மா வீட்டுல இருக்காளா?" என்றாள் பாகீரதி.

அவன் நிமிர்ந்தான். "மாமி, வேண்டாம். நான் டாக்ஸில போய் எடுத்துண்டு வந்துடறேன்."

"போன் போடு. ஸ்பீக்கர்ல."

"அம்மாகிட்ட எப்படி..."

"கிரிதர்," என்றாள் சாதனா. அன்று அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. "எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கு. போடு."

போட்டான். அம்மா நாகலக்ஷ்மி எடுத்தாள். டிராயர், நீல நோட்டு, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்று அவன் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனான். டிராயர் இழுபடும் சத்தம் கேட்டது. காகிதம் புரளும் சத்தம்.

"டேய், முதல் பக்கத்துல சாதனான்னு பேர் எழுதியிருக்கே. துறைமுகக் குவார்ட்டர்ஸ் பொண்ணுதானே? அவ நோட்டு இங்க எதுக்கு?"

கிரிதர் பாகீரதியைப் பார்த்தான். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறேனே, எதுக்குடா?"

"எடுத்துண்டு வந்துட்டேன்மா. அவளுக்குத் தெரியாம."

சிவராமகிருஷ்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

"எத்தனை பக்கம்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"நாப்பத்தொண்ணு."

"அந்தப் பொண்ணு பக்கத்துல இருந்தா, 'இரும்மா, கண்ணாடி போட்டுண்டு வரேன்'னு அவகிட்ட சொல்லு. உன்னோட அப்புறம் பேசறேன்."

3.41-க்கு முதல் படம் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக. சில மங்கல், சில கோணல். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரு வயதான கட்டைவிரல் தாளை அழுத்திப் பிடித்திருந்தது. மங்கலாக வந்தவற்றை நாகலக்ஷ்மி தானே பார்த்து மறுபடி எடுத்தாள். யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

4.22-க்கு நாற்பத்தோராவது பக்கம். வெட்டித் திருத்த நேரமில்லை. சாதனா அப்படியே, கட்டைவிரலோடு, அனுப்பினாள்.