கண்ணாடியில் வளராதவர்

இரவு ஷிப்ட் முடித்தவன் தலையில் பகல் ஷிப்டையும் கட்டிவிட்டார்கள். மாற்று ஆள் வரவில்லையென்றால் அப்படித்தான். சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் வண்டியின் ஓட்டுநர் மறுபடியும் வண்டிச் சாவியைத் திருப்பினான். சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

கிடங்கு பழசு. விடிந்த பிறகும் உள்ளே பாதி விளக்குதான் எரியும். மீதி எரியலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். ஈர அட்டைப்பெட்டிகளின் வாடை மூக்கை விட்டுப் போகாது. இரண்டு பாதைகள் சந்திக்கும் முக்கில், கூரையோரமாக, புடைத்த வட்டக் கண்ணாடி ஒன்று தொங்கியது. மேஸ்திரி அந்த இடத்தில் வண்டியில் அடிபட்டுச் செத்த பிறகு மாட்டியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மாட்டிய அன்று பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். "தட்டைக் கண்ணாடியில கொஞ்ச இடம்தான் தெரியும். இது வெளிப்பக்கமாப் புடைச்சது, ரெண்டு பாதையையும் சேத்துக் காட்டும். ஆனா எல்லாத்தையும் சின்னதாக் காட்டும். சின்னதாத் தெரியுதே, தூரத்துலதான இருக்குன்னு ஏமாந்துடாதீங்க. லாரியோட பக்கக் கண்ணாடியும் இதே ரகம்தான். முக்குல ஹாரன் அடிங்க."

ஓட்டுநருக்கு அதற்கு மேலும் ஒன்று தெரியும். அந்தக் கண்ணாடிக்குள் ஒருவர் நிற்பார். கட்டைவிரல் உயரம். மேஸ்திரியைப் போலவே ஒரு தோளைச் சாய்த்துக்கொண்டு. இறங்கிப் போய்ப் பார்த்தால் பாதை காலியாக இருக்கும்.

முதலில் பயந்தான். பிறகு பழகிவிட்டது. அலுத்துப்போனவனுக்குப் பேயும் கூட வேலை பார்க்கிற ஒரு ஆள்தான். அடையாளம்கூடக் கண்டுபிடித்து வைத்திருந்தான். உயிருள்ள மனிதர்கள் முக்கை நெருங்க நெருங்கக் கண்ணாடிக்குள் பெரிதாவார்கள். அவர் மட்டும் வளரவே மாட்டார்.

வளராத ஆளுக்காக வண்டியை நிறுத்த வேண்டியதில்லை.

இதை அவன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல நேரம் ஏது? அவளுக்கு இதே கிடங்கில், பொட்டலம் கட்டும் பிரிவில், பகல் வேலை. இவன் வீட்டுக்குக் கிளம்பும்போது அவள் வருவாள். வீட்டுக்கு ஒரே சாவி. அதை அந்த முக்கில் கைமாற்றும் நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை. அந்த அரை நிமிடத்துக்காகத்தான் அவன் இரவெல்லாம் விழித்திருந்தான் என்றால் மிகையில்லை.

இன்று வண்டி தூக்கியிருந்த பலகையில் பெட்டிகள் உயரமாக அடுக்கப்பட்டிருந்தன. பாதை தெரியவில்லை. கண் எரிந்தது. தலையைச் சாய்த்துக் கண்ணாடியைப் பார்த்தான்.

கட்டைவிரல் உயரத்தில் ஓர் உருவம்.

"நீங்கதானே," என்று முணுமுணுத்தான். ஹாரன் அடிக்கவில்லை.

உருவம் அசைந்தது.

பெரிதானது.

உடம்பின் முழு எடையையும் பிரேக்கில் போட்டான். சக்கரம் கிறீச்சிட்டது, ரப்பர் கருகும் வாடை எழுந்தது. மேல் பெட்டி சரிந்து விழுந்தது. அதன் பின், தரையில் ஒரு சாவி விழும் ஓசை.

அவன் மனைவி நின்றிருந்தாள். பலகையின் முனைக்கும் அவள் வயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்.

"கண்ணாடியப் பாக்கலையா நீ?" என்று கேட்டான்.

"பாத்துட்டுத்தாங்க வந்தேன். உங்க வண்டி வர்றது தெரிஞ்சுது. நின்னுட்டேன். அவருதான் கை காட்டினாரு. வா, வான்னு."

"எவரு?"

"கண்ணாடியில நிக்கிறாரே, அவரு."

அவன் மெல்ல நிமிர்ந்தான். கண்ணாடிக்குள் சின்ன வண்டி. அதன் மேல் சின்னதாக அவன். எதிரே சின்னதாக அவள். அவளுக்குப் பின்னால், தோளைச் சாய்த்தபடி, அவர்.

இவர்கள் இருவரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. வண்டியும் அசையவில்லை.

அவர் வளர்ந்துகொண்டிருந்தார்.