நாற்பத்தொன்பதாவது மாற்றம்

நாற்பத்தெட்டுப் பெயர்களை மாற்றச் சொன்னாள். நாற்பத்தொன்பது மாற்றியாயிற்று என்று திரை சொன்னது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். அந்த வாரத்தில் இது ஆறாவது குடும்பம். முதுகில் பலகை வைத்துக் கட்டியதுபோல் இருந்தது. மதியம் போட்ட காபி மேசை ஓரத்தில் ஆடை கட்டிக் கிடந்தது. காலையிலிருந்து ஓயாத மழை ஜன்னல் தகரத்தில் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் அறையின் மூலைகளில் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஒன்று கூடினால் என்ன, குறைந்தால்தானே வம்பு என்று விட்டுவிடத் தோன்றியது. ஆனால் எண்ணிக்கை சரியாகாமல் அவளால் எழுந்திருக்க முடியாது.

அவளுடைய வேலை வெளியாட்களுக்கு மாயம்போலத் தெரியும். உள்ளே பார்த்தால் ரொம்ப எளிமை. கல்யாணத்திலோ பிறந்தநாளிலோ நினைவுநாள் கூட்டத்திலோ திரையில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருமே, அதற்கெல்லாம் ஒரே டெம்ப்ளேட் போதும். எந்தப் படம் எத்தனை நொடி நிற்க வேண்டும், எது மெல்லக் கரைய வேண்டும், எங்கே இசை தாழ வேண்டும் என்று ஒருமுறை செய்துவைத்தது. அதற்குள் படம் எதுவும் கிடையாது, படங்களின் பெயர்கள் மட்டும்தான். பெயரைச் சொன்னால் அந்தப் பெயருள்ள படம் வந்து நிற்கும். ஆகவே புதுக் குடும்பம் வரும்போது பெயர்களை மட்டும் மாற்றினால் போதும். இடப்பக்கம் பழைய பெயர்கள், வலப்பக்கம் புதிய பெயர்கள் என்று ஒரு பட்டியல். ஒரு பொத்தான். ஒரு குடும்பம் எழுந்து போய் அதே நாற்காலிகளில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்துவிடும்.

பழைய பெயர்கள் எல்லாம் அவள் மகளுடையவை. டெம்ப்ளேட்டைச் செய்த நாளில் ஓட்டிப் பார்க்க வேறு படங்கள் இல்லாததால், மகளின் படங்களையே போட்டிருந்தாள். வாண்டு-1, வாண்டு-2 என்று நாற்பத்தெட்டு. அப்போது வாண்டுக்கு ஐந்து வயது, இப்போது ஏழு. எப்போதும் நகல் எடுத்து அதில்தான் மாற்றுவாள், மூலத்தைத் தொட மாட்டாள். இன்று அசதியில் நகல் எடுக்க மறந்திருந்தாள். எங்கே தேடுவது என்ற கட்டத்திலும் ஒரு ஃபோல்டருக்குப் பதிலாக ‘எல்லா இடத்திலும்’ என்பதில் கை பட்டிருந்தது.

பெயர் மாற்றும் நிரல், தான் செய்ததையெல்லாம் வரிவரியாக எழுதிவைக்கும். திறந்தாள். நாற்பத்தெட்டு வரிகளிலும் பழைய பெயர், புதிய பெயர், மாற்றிய ஃபைல் இருக்கும் இடம். நாற்பத்தொன்பதாவது வரியில் பழைய பெயர் எண் இல்லாமல் வெறும் ‘வாண்டு’. புதிய பெயர் ‘செல்லம்’. இடம் என்பதில் ஒன்றும் இல்லை.

போன் அடித்தது. ஸ்டூடியோக்காரர்.

“என்னம்மா, ஆச்சா?”

“ஆயிட்டே இருக்கு சார்.”

“நேத்தும் இதைத்தான் சொன்னே. உன் வாயால ‘ஆச்சு’ன்னு ஒரு தடவை கேட்டுட்டா நான் கடையைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்குவேன்.”

“எண்ணிக்கை உதைக்குது சார்.”

“நாளைக்குக் காலையில ஹால்ல ஓடணும்மா. ஏழு வயசுப் பொண்ணு. அந்தம்மாவே உக்காந்து செல்லம், செல்லம்னு ஒவ்வொரு படத்துக்கும் பேர் போட்டுக் குடுத்திருக்காங்க. ஒண்ணு விட்டாலும் அவங்க மூஞ்சில முழிக்க முடியாது.”

“விடல சார். ஒண்ணு அதிகமாத்தான் வந்திருக்கு.”

“அதிகமா வந்தது யாரு?” என்று சிரித்துவிட்டு அவர் வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் வாண்டு ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றது. வாசற்படியில் வந்து நின்றாள். தலையில் தங்க நிறக் காகிதக் கிரீடம்.

“ஏதுடி இது?”

“பொறந்தநாளுக்குக் குடுத்தது.”

“யாருக்குப் பொறந்தநாள்?”

“எனக்குத்தான். என்னம்மா நீ.”

வாண்டின் பிறந்தநாளுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பள்ளியில் ஏதாவது விளையாட்டாக இருக்கும் என்று தலையாட்டிவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். செல்லம்-7. கிரீடம் வைத்த ஒரு சிறுமி, வாசற்படியில், இடக்கையால் நிலையைப் பிடித்தபடி. கிரீடத்தில் ஒரு முனை மடங்கியிருந்தது. திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் யாரும் இல்லை.

தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து முகம் கழுவினாள். குழாய்த் தண்ணீரின் சத்தத்துக்குள் எங்கோ சைக்கிள் மணி கேட்டது, கூடத்திலிருந்து. போய்ப் பார்த்தபோது வாண்டு தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் வெள்ளைக் கட்டு, அதன் நடுவே சிவப்பாக ஊறிய ஒரு வட்டம்.

“எப்போ விழுந்தே?”

“சைக்கிள்லேர்ந்து.”

அவர்கள் வீட்டில் சைக்கிள் இல்லை.

அவள் மண்டியிட்டு மகளின் முகத்தைப் பார்த்தாள். அதே கண், அதே வாய். ஆனால் சிரிப்பு வாயில் வந்ததும் போகவில்லை. பேசி முடித்த பிறகும், யாரோ ‘அப்படியே இரு’ என்று சொல்லிவிட்டதுபோல் அங்கேயே இருந்தது. அவள் ஓடிப் போய்ப் படங்களைத் தள்ளினாள். பத்தொன்பது. கட்டுப் போட்ட முழங்கால். அதே சிரிப்பு.

அப்போதுதான் புரிந்தது, வாண்டு செல்லத்தின் படங்களின் வரிசையில் போகிறாள் என்று. திரையில் ஒரு படத்துக்கு ஆறு நொடி. வீட்டில் அதற்கு அவசரம் இல்லை.

மாற்றியதைத் திருப்பவும் வழி உண்டு. பட்டியலின் இரண்டு பக்கங்களையும் இடம் மாற்றிவிட்டு அதே பொத்தானை அழுத்த வேண்டும். புதியவை பழையவை ஆகிவிடும். அழுத்தினாள். சின்னக் கோடு நீண்டு முடிந்தது.

நாற்பத்தெட்டு இடங்களில் மாற்றப்பட்டது.

நாற்பத்தொன்பது இல்லை. நாற்பத்தெட்டு. திரையில் ஐந்து வயது வாண்டு மறுபடி வந்து மணலில் விளையாடினாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

மறுபடி அழுத்தினாள். பூஜ்யம். மறுபடி. பூஜ்யம்.

கூடத்திலிருந்து ஒரு வாடை வந்தது. தரை துடைக்கிற மருந்தும் ரப்பரும் வேகவைத்த துணியும் கலந்த வாடை. அவள் போக விரும்பவில்லை. போனாள். வாண்டு கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை. காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன. தலையணையில் ஒரு முடிகூட உதிர்ந்து கிடக்கவில்லை.

“அம்மா, குளிருது.”

நாற்பத்தொன்று. மீதி ஏழும் அவளுக்கு மனப்பாடம். கையில் ஊசி ஒட்டியது. ஜன்னலைப் பார்ப்பது. பொம்மைக்குச் சோறு ஊட்டுவது. அப்புறம் இரண்டு படங்களில் போர்வை மட்டும் மேலே மேலே ஏறும். நாற்பத்தேழில் மூன்று பேர்: மகள் படுத்திருப்பாள், அம்மா நெற்றியில் கை வைத்திருப்பாள், அப்பா பின்னால் நின்று அம்மாவின் தோளைப் பிடித்திருப்பார், மூவரும் நேராகப் பார்த்துச் சிரித்தபடி. நாற்பத்தெட்டைப் பெயர் சரிபார்க்க ஒரே ஒருமுறைதான் திறந்தாள். அதில் கண்கள் மூடியிருந்தன.

பெயரை மாற்றிப் பயன் இல்லை. கடைசிப் படம் வந்து நிற்கும் இடத்தையே எடுத்துவிட்டால்? அப்படி ஒரு இடமே இல்லையென்றால் யாரும் அங்கே போக முடியாது.

டெம்ப்ளேட்டைத் திறந்தாள். கடைசி இடம். அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். இது மூலம், திரும்ப வராது என்றது. ஆமாம். ஆமாம்.

மொத்த இடங்கள்: நாற்பத்தேழு.

கூடத்துக்கு ஓடினாள். வாண்டு படுத்திருந்தாள். போர்வை கழுத்துவரை. புறங்கையில் ஊசி, அதன்மேல் வெள்ளை நாடா. கண்கள் திறந்திருந்தன. மூச்சு போர்வையை ஏற்றி இறக்கியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“ஒண்ணும் இல்லடா கண்ணு. இனிமே ஒண்ணும் இல்ல. அம்மா எடுத்துட்டேன்.”

குனிந்து நெற்றியில் கை வைத்தாள். சூடாக இருந்தது. உயிருள்ள சூடு.

வாசலில் சாவி திரும்பியது. கணவன். வழக்கமாகக் குடையை உதறிக்கொண்டே “இன்னிக்காவது சாப்பாடு உண்டா, இல்ல போட்டோவைத்தான் சாப்பிடணுமா?” என்று கேட்டபடி வருவான். இன்று ஒன்றும் கேட்கவில்லை. குடை கீழே விழுந்தது. செருப்பைக் கழற்றாமல், தரையெல்லாம் ஈரமாக்கிக்கொண்டு நேராக வந்து அவளுக்குப் பின்னால் நின்றான். அவன் கை அவள் தோளில் வந்து பொருந்தியது.

“என்னங்க,” என்று சொல்ல நினைத்தாள்.

உதடு விரிந்தது. சிரிப்பாக. எதிர்ச்சுவரை நோக்கி அவள் முகம் தானாக நிமிர்ந்தது. கையை எடுக்கப் பார்த்தாள். கை மகளின் நெற்றியில் இருந்தது. அங்கேயே இருந்தது.

போர்வை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. ஜன்னல் தகரத்தில் மழைச் சத்தம் இல்லை. கணவனின் தலைமுடியிலிருந்து இறங்கிய ஒரு துளி அவன் தாடையின் நுனிக்கு வந்து, விழாமல், அவள் ஓரக்கண்ணில் மின்னிக்கொண்டு தொங்கியது. கையின் கீழே மகளின் நெற்றி அதே சூட்டில் இருந்தது. மூன்று பேரும் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு படத்துக்கு ஆறு நொடி. அவள் மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழு.