நீலக் கோடு

பிரசவ வார்டிலிருந்து நேராகப் புது வாடகை வீட்டுக்குத்தான் வந்தார்கள். சுவருக்கெல்லாம் புதிதாக வெள்ளையடித்திருந்தும், உள்ளறையில் மட்டும் புளித்த பால் வாடை வந்தது.

"சன்னலைத் திறந்து வெச்சா போயிடும்," என்றான் கணவன். பச்சை உடம்புக்காரி பிள்ளையை அணைத்தபடி படுத்துக்கொண்டாள்.

நர்ஸ் அழுத்திச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். "பால் போதுமா போதாதான்னு மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கம்மா. ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனையணும். முன்னால இருக்கிற மஞ்சள் கோடு நீலமா மாறினா நனைஞ்சிருக்குன்னு அர்த்தம். நனையலைன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

அதனால் கணவன் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு குப்பைக்கூடையைப் பார்த்தான். எப்போது திறந்தாலும் நீலக் கோடு ஏறிய டயப்பர்கள் சுருட்டிக் கிடந்தன.

"உன் மகன் தண்ணி லாரிடி! கவலையே வேண்டாம்."

அவளும் சிரித்தாள். அசதியில் கண்ணை மூடியபடியே அணைத்துப் பால் கொடுத்தாள்; கனத்த மார்பு லேசானது. பிள்ளை அழவே இல்லை. சமர்த்துக் குழந்தை என்று இருவரும் பூரித்துப் போனார்கள்.

மறுநாள் சாயங்காலம், வெயில் இன்னும் சன்னலில் இருக்கும்போது, பிள்ளையைத் தூக்கினாள்.

தலை தொங்கியது.

உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. உச்சிக்குழி பள்ளமாக இறங்கியிருந்தது. பதறிப்போய்த் துணியை விலக்கினாள். காலையில் டயப்பரின் ஒட்டுப்பட்டை பிய்ந்துவிட்டதென்று அவளே பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தாள். அந்தப் பிளாஸ்திரி அப்படியே இருந்தது.

கோடு மஞ்சளாகவே இருந்தது.

"என்னங்க... இன்னைக்கு எத்தனை தடவை மாத்தினீங்க?"

"நானா? நீதானே மாத்தினே?"

கணவன் மெல்லக் கூடையைத் திறந்தான். மேலே கிடந்த டயப்பரைத் தொட்டவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

அது இன்னும் சூடாக இருந்தது.

செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கைமீறிப் போயிருக்கும்," என்றாள் அதே நர்ஸ். சொட்டுச் சொட்டாக மருந்துநீர் ஏறியது. வெகுநேரம் கழித்துப் பிள்ளையின் டயப்பரில் மெல்ல நீலம் படர்ந்தபோது, பெற்றவள் வாய்விட்டு அழுதாள். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அழுது ஓய்ந்ததும், வார்டுக் கட்டிலில் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

நர்ஸ் கதவருகில் நின்று சிரிப்பது கேட்டது. "இப்பதான் நல்லா குடிக்கிறான் போல! சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே!"

அவள் கண்ணைத் திறந்தாள்.

எதிரே தொட்டில் இருந்தது. பிள்ளை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் பாதத்தைப் பிடித்தபடி கணவன் உட்கார்ந்திருந்தான்.

"என் புள்ள அங்க இருக்கான்," என்றாள் அவள்.

போர்வைக்குள் சப்பும் ஓசை நிற்கவில்லை.

பிறகு, அவள் மடியில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது.