நிறப்பிழை

நிறைவிழி என்ற கேமரா வந்த பிறகு அழகில்லாத முகம் என்று ஒன்று எந்தப் படத்திலும் பதிந்ததில்லை. பரு, கருவளையம், அழுத கண்ணின் சிவப்பு எல்லாவற்றையும் அந்தக் கேமரா எடுக்கும்போதே திருத்திவிடும். சுகந்தி அதை வைத்துக்கொண்டு பொள்ளாச்சியில் பச்சைக் குழந்தைகளைப் படம் எடுத்துவந்தாள்.

பிரமிளாவின் மகன் பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. சுகந்தி அவனை ஜன்னலோரம் கிடத்திக் கேமராவின் திரையைப் பார்த்தாள். ரோஜா நிறத்தில் ஒரு குழந்தை தூங்கியது. போர்வையைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் நேரில் பார்த்தாள். மூக்கு நுனியை விரலால் லேசாக அழுத்தி எடுத்தாள். அழுத்திய இடம் மஞ்சளாகத் தெரிந்தது.

"ஏன் அம்மணி, பால் நல்லாக் குடிக்கிறானா?"

"தூங்கிட்டே இருக்குறானுங்க அக்கா. எழுப்பினா ரெண்டு வாய் குடிக்கிறான், அவ்வளவுதான். சமத்துன்னு எல்லாரும் சொல்றாங்க."

"மஞ்சக்காமாலை மாதிரி இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

பிரமிளாவின் கணவன் சிவகுமரன் போனை நீட்டினான். "காலையிலதான் படம் அனுப்பினமுங்க. நலம்னு வந்துருச்சு."

மாவட்டத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் படத்தையும் தினமும் பார்த்துச் சொல்வது நலநோக்கி என்ற இயந்திரம். அது சிவப்புக் குறி போட்டால்தான் குழந்தைகள் வார்டில் இடம் கிடைக்கும். சுகந்தி வார்டுக்குப் போன் செய்தாள். படத்தை மறுபடியும் அனுப்பச் சொல்லி ஒரு பதிவுக் குரல் பதில் சொன்னது.

அவளுக்கு விஷயம் புரிந்தது. சிவகுமரனின் போனில் இருப்பதும் இதே நிறைவிழிதான். குழந்தையின் மஞ்சளை வெளிச்சத்தின் கோளாறு என்று எண்ணி நிறைவிழி துடைத்துவிடுகிறது. துடைத்த படத்தைத்தான் நலநோக்கி பார்க்கிறது. இத்தனை வருஷம் தான் பெருமையாகக் கொடுத்த படங்களெல்லாம் அவள் நினைவில் ஒரு கணம் வந்துபோயின. இன்று இந்தக் கேமராவை உண்மை சொல்லவைக்காமல் இங்கிருந்து கிளம்புவதில்லை என்று முடிவு செய்தாள்.

"தம்பி, எல்லா விளக்கையும் அணைங்க. விளக்கும் வெயிலும் கலந்தா நிறம் கெட்டுப்போகும். அம்மணி, உன் பச்சைச் சேலையோட சாயல் அவன் மேல விழுது, கொஞ்சம் தள்ளி நில்லு."

நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை நிறுத்தினாள். துவைத்த வெள்ளைத் துணி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, அதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டி நிறத்தைப் பூட்டினாள். ஆனால் குழந்தையின் முகம் தெரிந்தவுடன் நிறைவிழி பூட்டைத் தானே திறந்துகொண்டது. ரோஜா நிறம் திரும்ப வந்தது. மறுபடியும் பூட்டினாள். மறுபடியும் திறந்துகொண்டது.

முகம் என்று தெரிவதால்தானே திருத்துகிறது? சுகந்தி கேமராவைத் தலைகீழாகப் பிடித்தாள். தலைகீழான முகம் அதற்கு முகமாகப் படவில்லை. எடுத்த படத்தை நேராகத் திருப்பியபோது, பிரமிளா வாயைப் பொத்திக்கொண்டாள். நெற்றி முதல் நெஞ்சு வரை மஞ்சள்.

படம் நலநோக்கிக்குப் போனது. பதிலும் வந்தது: "நிறப்பிழை. மீண்டும் எடுக்கவும்."

"என்னங்க இது?" சிவகுமரன் திரையை எட்டிப் பார்த்தான்.

"இதுவரைக்கும் அது பார்த்ததெல்லாம் திருத்தின படம்தான் தம்பி. உண்மையைப் பார்த்தா அதுக்குத் தப்பாத் தெரியுது. நிறம் சரிதான்னு அதுக்கு நிரூபிக்கணும். உங்க கையைக் கொடுங்க."

வெள்ளைத் துணியைக் குழந்தையின் கன்னத்தோடு ஒட்டி விரித்தாள். மறுபக்கம் சிவகுமரனின் உள்ளங்கை. கேமராவில் வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்தாள். அதிகமானால் மஞ்சள் வெளுத்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலைகீழாக, மறுபடியும் எடுத்தாள். இப்போது படத்தில் துணி வெள்ளையாகவும் தகப்பன் கை தகப்பன் கையாகவும் இருக்க, பிள்ளை மட்டும் மஞ்சளாக இருந்தான்.

நலநோக்கி நெடுநேரம் யோசித்தது. சிவப்புக் குறி விழுந்தது.

வார்டில் டாக்டர் நஸ்ரின் குழந்தையை மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கின் கீழ் கிடத்தினார். "நல்லவேளை கொண்டு வந்தீங்க. இன்னும் தாமதமாயிருந்தா மூளையைப் பாதிச்சிருக்கும்" என்றார்.

சுகந்தி தன் முறையைக் குறிப்புகளாக எழுதி எல்லாருக்கும் அனுப்பினாள். நிறைவிழியைச் செய்த நிறுவனமும் அதை ஏற்றுக்கொண்டது. முகத்தோடு சேர்த்து வெள்ளைத் துணியைக் கண்டால் கேமரா இனித் திருத்தாது. ஊரெங்கும் குழந்தைகள் பிழைத்தார்கள். கல்யாண வீடுகளில்தான் சிக்கல் வந்தது. வெள்ளைப் பட்டு வேட்டிக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் மணப்பெண்ணின் பரு தெரிந்தது. அதனால் பல மண்டபங்களில் வெள்ளை வேட்டிக்குத் தடை போட்டார்கள்.

ஒரு வருஷம் கழித்துப் பிறந்தநாள் படம் எடுக்கப் பிரமிளா அழைத்தாள். பையன் வீடெங்கும் தவழ்ந்துகொண்டிருந்தான். சுகந்தி வெள்ளைத் துணியை விரித்து முதல் படத்தை எடுத்தாள். பிரமிளா எட்டிப் பார்த்தவள் திடுக்கிட்டாள்.

"அக்கா, என்னுங்க இப்படி இருக்குறான்? கறுத்துப்போய், கன்னமெல்லாம் திட்டுத் திட்டா?"

"வெயில்ல விளையாடுற பையன் வேற எப்படி இருப்பான்? அது கொசு கடிச்ச தடிப்பு."

பிரமிளா கேட்கவில்லை. படத்தை நலநோக்கிக்கு அனுப்பினாள். நலம் என்று வந்தது. மறுபடியும் அனுப்பினாள். மறுபடியும் நலம்.

"அது பொய் சொல்லும்னு நீங்கதானுங்க காட்டுனீங்க? நான் எப்படி நம்புறது?"

சுகந்தி கேமராவை அணைத்துப் பையில் போட்டாள். பையனைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில், பிரமிளாவின் மடியில் உட்காரவைத்தாள். அவள் கையிலிருந்த போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"கண்ணைப் பாரு. நாக்கைப் பாரு. மூக்கு நுனியை அழுத்திப் பாரு. நீ பார்த்து முடிக்கிற வரைக்கும் நான் படம் எடுக்கறதில்லை" என்று சொல்லி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.