இதயத்துக்கு விக்கல்

"அண்ணா...!"

அலறல் ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

அண்ணன் திரும்பவில்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்தார். கழுத்தை இறுக்கி ஒரு மின்சார வயர்... டை மாதிரி. வாழ்நாளில் டை கட்டாத மனிதர்!

அலறியவள் அவருடைய தங்கை. மணிக்கட்டில் மாட்டும் சென்சார் பட்டை செய்கிற கம்பெனி அது. அண்ணன் முதலாளி, தங்கை இன்ஜினீயர். பட்டை அனுப்பும் நாடி அலையில் எது உச்சி, எது பள்ளம், துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பிரித்தெடுப்பது அவள் வேலை.

வாசலில் கார் நிறுத்திக்கொண்டிருந்த அவள் கணவன் ஓடி வந்தான்.

"மச்சான்!"

பிணத்தின் மேல் விழுந்தான். அதன் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதான். அழுத அழுகைக்குப் பிணமே எழுந்து ஆறுதல் சொல்லியிருக்கும்.

கம்பெனியில் அவனுக்குப் பட்டப்பெயர் ஃபில்டர். அலைகளிலிருந்து தூசு தும்பை நீக்குகிற ப்ரோக்ராம் அவன் எழுதியது. காப்பியில் ஏடு மிதந்தால்கூட எடுத்துப் போட்டுவிட்டுத்தான் குடிப்பான்.

மறுநாள் காலை, அதே ஆய்வுக்கூடம்.

"உன்னைத்தாம்மா கைது பண்ணணும் போலிருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர், மழை வரும் போலிருக்கு என்கிற குரலில். ஓய்வு பெறப்போகிற மனிதர். எதற்கும் பதறமாட்டார்.

அவள் பதறினாள்.

"என்னையா? ஏன் சார்?"

"உங்கண்ணன் கையில பட்டை இருந்துச்சு. நீ கட்டடத்துக்குள்ள நுழையுற வரைக்கும் துடிப்பு இருக்கு. நுழைஞ்சதும் நின்னுபோச்சு! உள்ளே உன்னைத் தவிர ஈ, காக்கா கிடையாது."

"உடம்பு சில்லுன்னு கிடந்துச்சே சார்!"

"ஏசி உச்சத்துல ஓடிட்டிருந்தது. நேரத்தைச் சொல்ல முடியாதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார். பட்டை ஒண்ணுதான் சாட்சி. அறிக்கை எடுத்துக் கொடுத்ததே உன் புருஷன்தான். பாவம், கொடுக்கும்போதும் அழுகைதான்."

"அந்த அறிக்கையை நான் பார்க்கலாமா?"

"பாரு. அதுக்கு முன்னாடி இந்தப் பட்டை என்னதான் பண்ணுதுன்னு எனக்குப் புரியவை. கோர்ட்ல கேட்டா முழிக்கக் கூடாதில்ல?"

ஒரு பட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் மாட்டினாள். திரையில் அலை ஓடியது.

"மலைத்தொடர் மாதிரி இருக்கே!"

"ஒவ்வொரு மலையும் உங்க ஒரு துடிப்பு சார்."

அலையைத் தேவைக்கு மேலேயே உற்றுப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல..."

அறிக்கையைப் புரட்டினாள். கடைசி வரிக்கு வந்தாள். யாரும் படிக்காத வரி.

நின்றாள்.

"சார்... ஃபில்டர் ப்ரோக்ராமுக்குத் தாளம் தப்புற துடிப்பெல்லாம் தூசு. வெட்டிடும். வெட்டுன இடத்துல ஒட்டுப் போட்டுத் தைச்சிடும். எத்தனை ஒட்டுன்னு இங்கே எழுதும்."

"தையல் கடையா?"

"எங்கண்ணன் இதயம் கடிகாரம் மாதிரி. அவர் அலையில எப்பவும் ஒட்டே விழாது. இதுல பாருங்க... உடம்பெல்லாம் ஒட்டு! இது அண்ணன் துடிப்பே இல்ல!"

"வேற யாரோடது?"

அவளுக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது.

முதல் பட்டையைச் சோதித்தபோது நீட்டப்பட்ட முதல் கை ஃபில்டருடையது. சீராக ஓடிய அலை திடீரென்று தடுக்கி விழுந்தது. 'உங்க இதயத்துக்கு விக்கல். யாரோ நினைக்கிறாங்க' என்று சிரித்தாள். 'வேற யாரு? நீதான்' என்றான்.

அந்த ஒரு வரியில் கல்யாணமே முடிந்துவிட்டது.

நேற்று விடியற்காலை ஓடப் போனான். திரும்பி வந்தான். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை! 'நீ முன்னாடி போ கண்ணு, நான் காரை நிறுத்திட்டு வரேன்' என்றான். அவள் படியேறும்போது, காருக்குள் பட்டையைக் கழற்றியிருக்கிறான். துடிப்பு நின்றது. பிணத்தின் கையைப் பிடித்து அழுதபோது திரும்ப மாட்டிவிட்டான்...

"எங்கண்ணனைக் கொன்னுட்டு வந்து, அவர் பட்டையைச் சட்டைக்குள்ள மாட்டிக்கிட்டு, என் கையால காப்பி வாங்கிக் குடிச்சிருக்கார் சார்! சர்க்கரை தூக்கலா இருக்குன்னு குறை வேற!"

கேட்டு முடித்த இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார்.

"ஒட்டுப் போட்ட சட்டையை வச்சு, போட்டிருந்த ஆளைச் சொல்ல முடியாதும்மா. வெட்டி எறிஞ்ச துண்டு எங்கே?"

"அசல் பதிவுல இருக்கணும்." கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்தாள். "அழிச்சிருக்கார்."

"அப்போ தொலைஞ்சே."

"ஒரே ஒரு உதவி சார். அவரை வரச் சொல்லுங்க. நான் என்ன சொன்னாலும் நீங்க தலையை மட்டும் ஆட்டணும்."

"கல்யாணமான நாள்லேர்ந்து வேற என்னம்மா பண்ணிக்கிட்டிருக்கேன்?"

ஃபில்டர் வந்தான். கண்களில் கண்ணீர் தயாராக இருந்தது.

"அழாதே கண்ணு. இருக்குறதுலயே பெரிய வக்கீலா வச்சு உன்னைக் காப்பாத்துறேன்."

"ஏங்க... இதைக் கொஞ்சம் பாருங்க."

திரையைத் தட்டினாள். அலை ஓடியது. ஒரு துள்ளல்... இன்னொரு துள்ளல்... சட்டென்று ஒரு தடுக்கல்!

ஃபில்டரின் கண்ணீர் பாதிக் கன்னத்தில் நின்றது.

"எ... என்னது இது?"

"அண்ணன் பட்டையோட அசல் பதிவு. நீங்க குப்பையில போட்டதைப் பொறுக்கி எடுத்துட்டேன். விக்கல் எடுக்குதுங்க... யாரோ நினைக்கிறாங்க போல."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார்.

"பொய்! இருக்கவே முடியாது! ஒரு விக்கல் விடாம நானே வெட்டி... அசலையும் அழிச்சு..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடித்து என்ன பயன்? வெளியே வந்த வார்த்தைக்கு ஃபில்டர் கிடையாதே!

இன்ஸ்பெக்டர் தலையாட்டுவதை நிறுத்திவிட்டு விலங்கை எடுத்தார்.

"உங்கண்ணன்தான் காரணம்!" கத்தினான். "ப்ரோக்ராமை வேற கம்பெனிக்கு வித்தேன்னு தெரிஞ்சதும் என்னைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் பார்த்தான்!"

"சரி, அவரைக் கொன்னே. என்னை ஏன் மாட்டிவிட்டே?"

"யாராவது ஒருத்தர் மாட்டணுமே..."

கூட்டல் கணக்குச் சொல்வது போலச் சொன்னான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கல்யாண நாளிலிருந்து காப்பாற்றி வந்த 'ங்க' அந்த அறையிலேயே செத்துப்போனது. கொலையில் இரண்டாவது பலி.

"உன்கிட்ட நான் ஆசைப்பட்டது அந்த ஒரு விக்கலைத்தான்டா! அதையும் தூசுன்னு வெட்டி எறிஞ்சுட்டியே!"

கான்ஸ்டபிள் அவனை வெளியே இழுத்துப் போனார். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

அழுது முடிக்கும்வரை இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"ஏம்மா... அசலைத்தான் அவன் அழிச்சிட்டானே? அப்போ திரையில விக்கல் எடுத்தது யாரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதான் சார். பட்டை இன்னும் உங்க கையிலதான் இருக்கு... உங்களையும் யாரோ நினைக்கிறாங்க."

இன்ஸ்பெக்டர் மணிக்கட்டைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"இந்த வயசுல என்னை நினைக்க எமனை விட்டா யாரும்மா இருக்கா? யோவ் கான்ஸ்டபிள், வண்டியை எடு! முதல்ல ஆஸ்பத்திரி... அப்புறம் ஜெயில்!"