இடப்பக்கத்துச் சீற்

லண்டனில் இருந்து அந்தக் கார் வந்து இறங்கிய அன்றே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்த பிறகு சறோஜா கதை கட்டுகிறாள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது.

கார் பார்க்க அழகுதான். கடும் நீலம், ஒரு கீறல் இல்லை. என் கணவரின் தமையன் மகேந்திரராசா அதை அங்கிருந்து இத்தாலியில் நாங்கள் இருக்கும் பலர்மோ வரைக்கும் தானே ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார். "வருசச் சோதினை பாஸான கார். ரயர் நாலும் புதுசு. கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம்" என்றார். நம்பர் தகடும் முன் லைட்டும் மட்டும் இங்கத்தைய முறைக்கு மாற்ற வேண்டுமாம்.

நான் கதவைத் திறந்தேன். திறந்த கையோடு மூடினேன்.

சீ! என்ன நாற்றம். நான் ஊரார் வீடுகளைத் துப்புரவாக்கிச் சீவிக்கிறவள். அடைத்த தொட்டி, நோயாளிகளின் மெத்தை, குளிர்ப்பெட்டிக்குள் மறந்துபோன மீன், எல்லாம் இந்தக் கையால் கழுவியிருக்கிறேன். எது எதனால் நாறுகிறது என்று வாசலில் நின்றே சொல்லுவேன். இதை மட்டும் சொல்லத் தெரியவில்லை. ஈரக் கம்பளத்தின் பூஞ்சண நாற்றம் மேலே, அதற்குக் கீழே அழுகிய பூச்சாடித் தண்ணீர், அதற்கும் கீழே ஏதோ இனிப்பாக ஒன்று. அந்த இனிப்பை நான் எந்த வீட்டிலும் மணந்ததில்லை.

"எனக்கொண்டும் மணக்கேல்லையே" என்றார் என் கணவர் தவராசா.

அவருக்கு எப்படி மணக்கும்? கொரோனா வந்து போனபோது அவருடைய மூக்கையும் கொண்டு போய்விட்டது. அடுப்பில் கருவாடு கருகினாலும் பேப்பர் பார்த்துக்கொண்டு இருக்கிற மனிதர் அவர்.

காரின் ஸ்டியரிங் வலப்பக்கம். இந்த ஊரில் எல்லாக் காருக்கும் இடப்பக்கம். எங்கள் பழைய சின்னக் காரில் அவர் இடப்பக்கம் இருந்து ஓடுவார், நான் அவருக்கு வலப்பக்கம் இருப்பேன். திடீரென்று பிரேக் அடிக்க நேர்ந்தால் அவருடைய வலக்கை என் நெஞ்சுக்குக் குறுக்கே வந்து என்னைத் தடுத்துப் பிடிக்கும். கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் அந்த மனிதர் அன்பாக ஒரு சொல் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது. ஆனால் அந்தக் கை தானாக வரும். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. இந்த ஊரில் என்னுடையது என்று நான் சொல்லக்கூடியது அந்த ஒரு கைதான்.

வெள்ளிக்கிழமை காலை காரைப் பூசைக்குக் கோயிலடிக்குக் கொண்டுபோனோம். நாலு சில்லுக்குக் கீழும் தேசிக்காய் வைத்தாயிற்று. தவராசா ஸ்டியரிங்கில் இருந்தார். அர்ச்சனைத் தட்டமும் தேங்காயும் மடியில் இருந்ததால் நான் பின்னால் ஏறியிருந்தேன். முன்னுக்கு இடப்பக்கத்துச் சீற்றில் ஒருவரும் இல்லை.

ஐயர் கற்பூரத் தட்டோடு வந்தார். இந்த ஊர்க் கார்களின் பழக்கத்தில் நேரே இடப்பக்க யன்னலுக்குத்தான் வந்தார். கற்பூரப் புகை கண்ணைக் கரித்தது, பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாதிக் கண்ணை மூடியபடி தீபத்தைச் சுற்றிக் காட்டினார். பிறகு குங்குமம் தொட்ட விரலை யன்னலுக்குள்ளே நீட்டி எங்கோ அழுத்தினார்.

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு நல்லா வேர்க்குது" என்றார்.

பின்னால் இருந்த என்னைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் விரலை வேட்டியில் துடைத்தார். வெள்ளை வேட்டியில் குங்குமம் கரைந்து ஒழுகியது. அந்த நேரம் அதை நான் யோசிக்கவில்லை. கார் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு உருண்டது. அதே கணம் உள்ளே மணி கத்தத் தொடங்கியது.

பீப். பீப். பீப்.

ஆள் இருந்து பெல்ற் போடாவிட்டால் கத்தும் மணி அது. இடப்பக்கத்துச் சீற்றுக்காகக் கத்தியது.

வெறும் சீற்.

நான் எட்டிக் கையை வைத்துப் பார்த்தேன். நனைந்து கிடந்தது. கை முழுக்க அந்த இனிப்பு நாற்றம். "ஐயோ, அருவருப்பு!" என்று தட்டத்து வெற்றிலையை எடுத்துக் கையைத் துடைத்தேன். தவராசா சிரித்தார். "ஈரத்துக்கு வயர் பிழைச்சுப் போச்சு. இதுக்குப் போய்க் கத்துறாய்" என்று சொல்லி, குனிந்து அந்த வெறும் சீற்றுக்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்துக் கொளுவிவிட்டார்.

கத்தல் நின்றது. காருக்குள் யாரோ மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர்தான் விட்டார் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் காரைப் பல்லரோ சந்தைக்குப் பின்னால் கராஜ் வைத்திருக்கும் பீலிக்ஸிடம் கொண்டுபோனோம். பீலிக்ஸ் மன்னார்ப் பொடியன், கெட்டிக்கார மெக்கானிக். "இங்கிலாந்துக் காரெண்டா இப்பிடித்தான் அக்கா. அங்கை எந்த நாளும் மழை. கூரைக் கண்ணாடித் தண்ணி ஓடுற குழாயை இலை அடைச்சிருக்கும்" என்றான். குழாய்க்குள் காற்றடித்துப் பார்த்தான். அடைப்பே இல்லை. ஏசியின் காற்று வடிகட்டியை மாற்றினான், அதிலும் பிழையில்லை. பிறகு இடப்பக்கத்துக் கம்பளத்தைக் கிளப்பினான்.

கிளப்பியவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

அடியில் கறுத்த சேறு இருந்தது. கூழ்மாதிரித் தளதளவென்று கிடந்தது. அதற்குள் நீளமான பழுப்பு முடி கொத்துக் கொத்தாக. பீலிக்ஸ் குறட்டால் இழுக்க முடியோடு சேர்ந்து ஏதோ வந்தது. பெண்கள் ஒட்டுகிற பிளாஸ்ரிக் நகம், ரோசாப் பூச்சு. அதன் உட்புறத்தில் தோல்மாதிரி வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தது. நான் சுவரோரம் போய்ச் சத்தி எடுத்தேன்.

"இது மழைத் தண்ணி இல்லை அக்கா" என்றான் பீலிக்ஸ் மெல்ல. "ஆத்துச் சேறு. இந்தக் கார் வெள்ளத்துக்கை மூழ்கிக் கிடந்திருக்கு."

அங்கேயே நின்று, லண்டனுக்குத் திரும்பிவிட்ட இவரின் தமையனுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் பிள்ளை, ஏலத்திலை எடுத்தனான். வெள்ளத்திலை நிண்ட காரெண்டு தெரியும்" என்றார் மகேந்திரராசா. "காய வைச்சு, கழுவி, எல்லாம் திருத்தினது. இடப்பக்கத்து பெல்ற்றும் புதுசு போட்டனான். அது இல்லாமல் பாஸ் தரமாட்டாங்கள்."

"அந்த பெல்ற்றுக்கு என்ன நடந்தது அத்தான்?"

"ஆரோ வெட்டியிருந்தாங்கள்."

"ஏன் வெட்டினவை?"

"நான் விசாரிக்கேல்லை" என்றார்.

பீலிக்ஸ் சேறெல்லாம் வழித்து, கழுவி, சீற்றைக் கழற்றி வெயிலில் போட்டான். சிரோக்கோ என்கிற வெக்கைக் காற்று அடிக்கிற காலம், துணி காயப்போட்டால் மடிப்பதற்குள் காய்ந்துவிடும். சீற் மொறுமொறுவென்று காய்ந்தது. திருப்பிப் பூட்டிக் கொண்டு வந்தோம். வீடு வந்து சேருவதற்குள் அது நனைந்துவிட்டது.

நான் தொடர்ந்து பின்னால்தான் இருந்தேன். முதலில் தவராசா "காயட்டும் சறோ, பின்னுக்கு இரு" என்றார். பிறகு "பின்னுக்கே இரு" என்றார்.

அதன் பிறகு, காருக்குப் போனால் முதலில் இடப்பக்கம் சுற்றிப் போய் அந்தக் கதவைத் திறப்பார். கொஞ்சம் நிற்பார். மூடுவார். பிறகுதான் தன் பக்கம் போவார். அந்த வெக்கையில் நான் ஏசியைப் போடச் சொன்னால் போடமாட்டார்.

"குளிருமெல்லோ" என்றார் ஒருநாள்.

"ஆருக்கு?"

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். மனிதர் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியாது. இத்தனை வருடத்தில் எனக்கு அது கிடைத்ததில்லை. நாற்றத்தைவிட அதுதான் எனக்குக் கூடுதலாக எரிந்தது.

ஒரு காலை பொலிதேயாமா நாடக அரங்குப் பக்கம் போனோம். கார் நிறுத்த இடம் காட்டுகிற ஆள் ஒருவன் வந்து, எல்லாரும் செய்கிற மாதிரி இடப்பக்க யன்னலில் குனிந்தான். "புவோன் ஜோர்னோ, சிஞ்ஞோரா" என்று அம்மாவுக்கு வணக்கம் சொன்னான். சிரித்த வாய் அப்படியே நின்றுவிட்டது. சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அந்தச் சீற்றுக்கு மேலாலே தவராசாவைப் பார்த்து அவசர அவசரமாகச் சொன்னான்: சிஞ்ஞோராவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, வாயாலே தண்ணீர் வருகிறது.

"சிஞ்ஞோரா நான்தான்!" என்றேன் பின்னால் இருந்து.

அவன் என்னைப் பார்த்தான். முன் சீற்றைப் பார்த்தான். சிலுவை போட்டுக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனான்.

அன்று திரும்பும்போது ஒரு ஸ்கூட்டர் குறுக்கே வந்தது. தவராசா பிரேக்கை மிதித்தார். நான் முன் சீற்றின் முதுகில் போய் மோதி மூக்கு வீங்கியது. அவருடைய இடக்கை பறந்து போய் அந்த வெறும் சீற்றுக்குக் குறுக்கே நின்றது. நெஞ்சளவு உயரத்தில்.

கையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளி நான் தனியே கோயிலுக்குப் போனேன். ஐயரிடம் நாற்றத்தைச் சொன்னேன், கழிப்பு ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். அவர் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்டைக்கு உங்களுக்குச் சுகமில்லையோ அம்மா?" என்றார். "நான் பொட்டு வைக்கேக்கை நெத்தி அப்பிடிக் குளிர்ந்து கிடந்தது. தோலும் வழுக்கினது. அதுக்குப் பிறகு எத்தினை தரம் கழுவியும் இந்த விரலிலை மணம் போகேல்லை."

"நான் பின்னுக்கெல்லோ இருந்தனான் ஐயா" என்றேன்.

அவர் அந்த விரலை மறுபடியும் வேட்டியில் துடைத்தார். செருப்பைக் கொளுவிக்கொண்டு வெளியே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. புதுக் காருக்குத் தீபம் காட்டி, பொட்டும் வைத்து, தேசிக்காயும் நசித்து, ஒருத்தியை முன் சீற்றில் ஏற்றி வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? எங்கள் வீடுகளில் புது மருமகளைத்தான் அப்படி அழைப்போம்.

வீட்டுக்கு வந்து தவராசாவுக்கு முன்னால் நின்றேன்.

"அந்தக் கார் இருக்க வேணும், இல்லாட்டி நான் இருக்க வேணும். இப்ப சொல்லுங்கோ."

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "சரி, காரைக் குடுப்பம். கார் இனித் தேவையில்லை" என்றார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த 'இனி'யைக் கேட்டும் கேட்காத மாதிரி விட்டேன். மடைச்சி நான்.

பகேரியாவுக்கு அப்பால் பழைய கார்களை நசிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது. தவராசா இறங்கி இடப்பக்கம் சுற்றிப் போனார். கதவைத் திறந்தார். குனிந்து பெல்ற்றைக் கழற்றினார். கதவைப் பிடித்தபடி ஓரமாக விலகி நின்றார்.

ஒருவர் இறங்குகிற அளவு நேரம்.

பிறகு கதவை மெல்லச் சாத்தினார்.

இரும்புக் கை காரைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டது. கண்ணாடி நொருங்கியது, தகடு மடிந்தது. அடியால் கறுத்த தண்ணீர் ஒரு வாளியளவு கொட்டியது. வேலைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். நான் கண் வெட்டாமல் நின்று பார்த்தேன். நசிந்து ஒரு கட்டியாக வந்த பிறகுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வந்தது. தவராசா அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. கேற்றடியில், வேறு யாருக்கோ நிழல் விட்டு நிற்கிறவர் மாதிரித் தள்ளி வெயிலில் நின்றார்.

பஸ் எடுத்தோம். கடைசி வரிசை வெறுமையாகக் கிடந்தது. நான் வலப்பக்க யன்னலோரம் இருந்தேன், அவர் எனக்குப் பக்கத்தில். அவருக்கு அங்காலே, இடப்பக்கம், சீற் வெறுமை. வழியில் சனம் ஏறி ஏறி பஸ் நிரம்பிவிட்டது. நிற்க இடமில்லாமல் ஆளை ஆள் நெரித்தார்கள். ஒரு பெண் கடைசி வரிசைக்கு வந்தாள். அந்தச் சீற்றைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு வந்த கிழவரும் திரும்பிப் போனார். அத்தனை நெரிசலிலும் அந்தச் சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை.

அந்த இனிப்பு நாற்றம் எனக்கு மெல்ல வந்தது.

நான் தவராசாவின் வலக்கையைப் பிடித்தேன். மடியில் இருந்த அந்தக் கை அசையவில்லை.

"இஞ்சேருங்கோ" என்றேன் மெதுவாக. "வீட்டை போனதும் உங்களுக்குப் பிடிச்ச கணவாய்க் கறி வைக்கிறன்."

பஸ் டிரைவர் சடாரென்று பிரேக் அடித்தான். சனம் முழுக்க முன்னுக்குச் சரிந்தது. நான் பிடித்திருந்த கை என் பிடிக்குள்ளேயே கிடந்தது. மற்றக் கை, இடக்கை, பறந்து போய் அந்த வெறும் சீற்றுக்குக் குறுக்கே நின்றது.

என் தலை யன்னல் கம்பியில் அடிபட்டு இரத்தம் வந்தது.

அவர் அந்தப் பக்கம் குனிந்தார். என்னிடம் ஒருநாளும் கதைக்காத குரலில், "பயப்பிடாதையம்மா" என்றார். "வீடு கிட்ட வந்திட்டுது."