சான்றுக்கு ஓர் ஆள்

காலையில் எழுந்ததும் ராக்கம்மாள் முதலில் எல்லைக்கோட்டைத்தான் பார்ப்பாள். தரையில் ஓடும் நீல ஒளியிழை அது. மாநகரம் வளர வளரத் தானே நகரும். இப்போது அவள் தோட்டத்தை நாலா பக்கமும் வளைத்துக்கொண்டு நின்றது.

மாநகரம் யாரையும் வலியச் சேர்த்துக்கொள்வதில்லை. சேர விரும்புகிறவர் மனுப்போட வேண்டும்; கோட்டுக்கு வெளியே குடியிருக்கும் இன்னொருவர் அதற்கு ரேகைச்சான்று வைக்க வேண்டும். ராக்கம்மாளுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. "நீங்க முன்னால போங்க, நான் பொறகால வாரேன்" என்று ஊருக்கே ரேகை வைத்தாள். கடைசியாகப் பக்கத்துத் தோட்டத்துத் தெய்வானைக்கும் வைத்தாள். தனக்கு வைக்க ஆளில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்படியும் ஒரு அசடு உண்டா!

அவளால் உள்ளே போக முடியாது. உள்ளே இருப்பவர் கோட்டைத் தாண்டினால் நகரக் குடியுரிமை போய்விடும். தெய்வானை தினமும் கோடுவரை வந்து பேசிவிட்டுப் போவாள். ராக்கம்மாள் மனுஷக் குரல் கேட்பது அப்போது மட்டும்தான்.

அன்று தெய்வானை பையும் கையுமாக வந்தாள்.

"ஏனுங்கக்கா, நான் வெளிய வந்து ரேகை வெச்சர்றேன். நீங்க உள்ள போயிருங்க."

"அப்பறம் உனக்கு ஆரு வெப்பா?"

"அதைய அப்பறம் பாத்துக்கலாங்க."

"வெளிய ஆஸ்பத்திரி ஏது? ரத்தம் சுத்தி பண்ணாம எத்தன நாளைக்குடி இருப்ப?"

தெய்வானை கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினாள். வந்துவிடு என்ற சொல் ராக்கம்மாளின் தொண்டைவரை வந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது.

"காலை அங்கயே வையி! சொல்ல மறந்துட்டேன் பாரு. நகரம் வேண்டாம்னு நேத்து ஒருத்தர் வெளிய வந்து, நம்ம தோட்டத்து வாடகை வூட்டுல குடிவந்துட்டாரு. ரேகை வெக்கறேன்னு சொல்லிப்போட்டாரு."

"நெசமாவா?"

"உங்கிட்டப் பொய் சொல்லுவனா? இனி வெய்யில்ல இங்க வராத. நானே உன் வூட்டுக்கு வாரேன்."

தெய்வானை அழுதுகொண்டே சிரித்தாள். "போயி அவர எழுப்புங்கக்கா. நான் பாத்துட்டுப் போறேன்."

வேறு வழியில்லை. ராக்கம்மாள் நடந்தாள். அந்த வீட்டில் ஆள் இருந்து வருஷங்களாகிவிட்டன. கதவைத் தட்டி, "ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்களா?" என்று உரக்கக் கேட்டாள். சற்றுப் பொறுத்து, "செரிங்க, மெதுவா வாங்க" என்று தலையாட்டினாள்.

தெய்வானை நிம்மதியாகத் திரும்பி நடப்பது தெரிந்தது. அவள் கண்ணுக்கு மறையும்வரை ராக்கம்மாள் அந்தக் கதவோடு பேசிக்கொண்டிருந்தாள்.